ஒரு சாண் இறங்கிய ஜீப்

சவரிமுத்து அண்ணனின் மனைவி பிலோமினாவின் கடிதம் என் பழைய வீட்டு முகவரிக்குப் போய், அங்கே யாரோ ஒரு புண்ணியவான் திருத்தி அனுப்பி, மேட்டூருக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனை அடக்கம் செய்து ஒன்பது நாளாகியிருந்தது. எப்போதும் போல என் உடம்பைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் முதலில் விசாரித்திருந்தார். நாலாவது வரியில்தான், "நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவர் எந்திரிக்கலீங்கம்மா" என்று எழுதியிருந்தார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு மேல்தான் அழுகை வந்தது, அதுவும் தடுப்பூசி போட வந்த ஒரு குழந்தையின் முன்னால். குழந்தை என்னைப் பார்த்து அழ, அதன் தாய் எங்கள் இருவரையும் சமாதானப்படுத்தினாள்.

இங்கே கூடியிருப்பவர்களில், கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த நம் சின்ன மருத்துவமனையில் எழுபதுகளில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே இருந்த ஒரே ஜீப்புக்கு அவர்தான் டிரைவர். சேலம் அஸ்தம்பட்டிக்காரர். சனிக்கிழமை வீட்டுக்குப் போய், ஞாயிறு பூசை பார்த்துவிட்டு, திங்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் அந்த ஜீப்பில் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நர்ஸ். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஆனாலும் கடைசிவரை நான் அவருக்கு 'நர்சம்மா'தான். நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நாமக்கல் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஜீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மருத்துவமனைக்குத் தானமாக வந்தது. கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பெரிய பண்ணையக்காரர். எல்லோரும் அவரைப் பெரிய பண்ணாடி என்பார்கள். ஒரு காலத்தில் பட்டாளத்து ஏலத்தில் ஏதோ பெரிய வண்டியின் சக்கரங்களை வாங்கி, பட்டறையில் நடுவை வெட்டிப் பற்றவைத்து ஜீப்புக்கு மாட்டியிருந்தார். அது இடிக்காமல் இருக்க ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வேறு. அந்த உயரத்தில் உட்கார்ந்து காவிரி மணலில் ஓட்டுவாராம். தானம் கொடுத்த பிறகும் மாதம் ஒரு தடவை வந்து, "என்ற ஜீப்பு எப்புடி ஓடுது?" என்று கேட்டுவிட்டு, சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். எனக்கும் அந்த உயரம் பிடித்திருந்தது. சேலையைச் சொருகிக்கொண்டு ஒரே தாவில் ஏறிவிடுவேன். ஊர் முழுக்க நிமிர்ந்து பார்க்கும்.

எந்தப் பெண் வண்டியில் ஏறினாலும் சவரிமுத்து அண்ணன் முன்பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு கண்ணாடியைத் துடைப்பார். "அந்தக் கண்ணாடி தேஞ்சு ஓட்டையாகப் போகுதுண்ணா" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார். எதற்காகத் துடைக்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

பாவாயி அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண். தலைப்பிரசவம், குழந்தை சரியான நிலையில் இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். வலி எடுத்ததும் ஆள் வந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு போனோம். பாவாயி மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வண்டிவரை வந்தாள். ஏறுவதற்குக் கால் வைக்க வேண்டிய பின்பக்கத் தகட்டைப் பார்த்தாள். சுற்றிலும் மாமனார், கொழுந்தன்கள், ஊர் ஆண்கள் எல்லோரும் நின்றார்கள். "நான் ஊட்டுலயே பெத்துக்கறனுங்க" என்று திரும்பிவிட்டாள். நான் கத்தினேன். படிப்பறிவு கிடையாதா, ஆஸ்பத்திரி என்றால் என்ன கடித்தா தின்றுவிடும் என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. வீட்டில் வைத்தே முடிந்தவரை பார்த்தேன். பாவாயி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

திரும்பி வரும்போது வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். இந்த ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம், இவர்களைத் திருத்தவே முடியாது என்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மருத்துவமனைக் கிணற்றடியில் பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"இதை வயித்தோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு வண்டியில ஏறுங்கம்மா. தண்ணி சிந்தக் கூடாது. சேலை முழங்காலுக்கு மேல போகக் கூடாது. நாங்க ஆம்பளைங்க இங்கதான் நிப்போம். யாரும் கை குடுக்க மாட்டோம்."

விளையாட்டு என்று நினைத்து ஏறப் பார்த்தேன். கால் தகட்டை எட்டவே இல்லை. சேலையைத் தூக்காமல் எட்டாது, குடத்தை விடாமல் சேலையைத் தூக்க முடியாது. மூன்றாம் முறை பாதித் தண்ணீர் என் மேல் கொட்டியது. காவலாளி சிரித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் குடத்தை டொம்மென்று கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் பாவாயி நின்ற இடம் எனக்கு விளங்கியது. மத்தியானம் அவரே வந்தார். "ஊட்டுல பிலோமினாகிட்ட கேட்டுப் பார்த்தேங்கம்மா. அத்தனை ஆம்பளைங்களுக்கு முன்னால சேலையத் தூக்கிக்கிட்டா? செத்தாலும் ஏற மாட்டேன்னுட்டா" என்றார்.

ஒரு முக்காலி செய்து எடுத்துப் போனோம். உழவுக்காட்டு மண்ணில் ஒரு பக்கம் புதைந்து, ஏறிய கிழவியைச் சாய்த்துவிட்டது. பின்பக்கம் இரும்புப் படி பற்றவைத்தார். அது பாறைப் பாதையில் இடித்து, நாலே நாளில் கழன்று விழுந்தது. "படிய வெச்சு வண்டிய எட்ட முடியாதுங்க, வண்டிய இறக்கணும்" என்றார். சின்னச் சக்கரம் மாட்டி, ஸ்பிரிங் கட்டையையும் எடுத்துவிட்டால் ஒரு சாண் இறங்கும். அடியில் கல் இடிக்காதா என்று கேட்டேன். "இடிக்கத்தான் செய்யும். இப்ப கல்லை நடுவுல உட்டு ஓட்டறேன். இனிமே கல்லு மேல சக்கரத்தை ஏத்தி ஓட்டணும். அதுக்கேத்த டயரு வேணும், அவ்வளவுதாங்க. மலைக்குச் சின்னச் சக்கரம்தான் இழுவையும் நல்லாருக்கும்."

பெரிய பண்ணாடியிடம் கேட்கப் போனோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க நர்சம்மா, அந்த உசரந்தானுங்க அந்த வண்டிக்கு மருவாதி. குள்ள வண்டி வேணும்னா கட்டை வண்டி பூட்டிக்கிட்டுப் போங்க." எழுந்து உள்ளே போகும்போது சிரிப்பில்லாமல் சொன்னார்: "சக்கரத்துல கை வெச்சீங்கன்னா வண்டி என்ற ஊட்டுக்கு வந்துரும், பாத்துக்கங்க." வண்டி போனால் சுற்றியிருந்த அத்தனை கிராமத்துக்கும் வழியில்லை. அந்தச் சமயத்தில் பாவாயி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் பிரசவம்.

நான் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் விடவில்லை. நாமக்கல்லில் லாரி டயருக்கு ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் அவருக்குப் பழக்கம். நசுங்கிப்போன ஒரு ஜீப்பின் சின்னச் சக்கரங்களைத் தேடிப் பிடித்து அங்கே கொண்டுபோய்ப் போட்டார். சேற்றுக்கும் வேண்டும், கல்லுக்கும் வேண்டும், தார் ரோட்டிலும் ஓட வேண்டும் என்றாராம். "ஒரு டயருல மூணு டயரு கேக்கறீங்களே" என்று பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்து ஒட்டிக் கொடுத்தார். நான்கும் எங்கள் மருந்துக் கிடங்கில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குப் பெரிய பண்ணாடியே வந்து ஜீப்புக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைப்பார். அது தவறாத வழக்கம். முதல் நாள் சக்கரங்களைக் கழற்றிக் கழுவுவது அண்ணனின் வழக்கம். அந்த வருடமும் கழற்றினார். கூடவே ஸ்பிரிங் கட்டையையும் எடுத்துவிட்டு, கிடங்கிலிருந்து சின்னச் சக்கரங்களை உருட்டி வந்தார். "பூசைக்கு எப்படியும் கழட்டத்தானே வேணும்? கழட்டினது கழட்டினதாவே இருக்கட்டுங்கம்மா" என்றார். வேண்டாம், வேலை போய்விடும் என்று சொன்னேன். "போனா நாமக்கல்லுல லாரிக்கா பஞ்சம்?" என்றார். அவர் வாயிலிருந்து எகத்தாளமாக ஒன்று வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். சொல்லிக்கொண்டே முதல் சின்னச் சக்கரத்தை மாட்டினார்.

மறுநாள் பண்ணாடி மனைவியோடு காரில் வந்து இறங்கினார். ஜீப்பைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "என்ற வண்டியக் குள்ளமாக்கிப் போட்டியேய்யா! யாரக் கேட்டுச் செஞ்ச? மாத்துய்யா இப்பவே!" சவரிமுத்து அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது அந்த அம்மா, சந்தனத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்பின் பின்பக்கம் போனார். அறுபது வயது, கனத்த உடம்பு. கம்பியைப் பிடித்து, தகட்டில் கால் வைத்து, ஏறி உட்கார்ந்துகொண்டார். சேலைக் கொசுவம் கூடக் கலையவில்லை. சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் புள்ள, அங்க ஏறி என்ன பண்ற?" என்றார் பண்ணாடி.

"இருவது வருசம் நம்ம ஊட்டுல நின்ன வண்டிங்க. இன்னிக்குத்தான் உக்காந்து பாக்கறேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏத்திருப்பனே?"

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க."

பண்ணாடி என்னிடம் வந்து தட்டை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். "சந்தனம் பூசக் குனிய வேண்டியிருக்குது, பாரு" என்று முணுமுணுத்தார். பூசணிக்காயை மட்டும் வழக்கத்தைவிட ஓங்கி உடைத்தார்.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் பாவாயி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பாதை முழுக்கச் சேறு. போன வருடம் நின்ற அதே ஆண்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாவாயி வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் முன்னால் போய் மழையிலேயே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பாவாயி தகட்டைப் பார்த்தாள், காலை வைத்தாள், ஏறினாள். யாரும் தொடவில்லை. திரும்பாமலே அவர், "ஏறியாச்சுங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவளே, "ஏறிட்டனுங்க, போலாமுங்க" என்றாள். அந்தப் பாதையை அவர் ஒவ்வொரு கல்லாக ஏற்றி இறக்கி ஓட்டினார். டயர்கள் சேற்றைக் கவ்விக்கொண்டு போயின. அந்தி சாய்வதற்குள் ஆண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. செய்தியைச் சொல்லப் போனேன். ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு எங்கே இடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன பிறகும் வெளியே வரவில்லை.

சில வருடங்கள் கழித்து எனக்கு மேட்டூருக்கு மாற்றலானது. நாமக்கல் பேருந்து நிலையம்வரை அவரே கொண்டுவந்து விட்டார். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். போகவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்கம்மா. பாவாயி மொத தடவை வந்து திரும்பிப் போச்சே, எதனாலன்னு எனக்கு அப்பவே தெரியுங்க. அந்தப் புள்ள தகட்டைப் பார்த்த பார்வையிலயே தெரிஞ்சுபோச்சு. ஒரு கயித்துக் கட்டிலை எடுத்தாரச் சொல்லி, நாலு பொம்பளைங்க தூக்கி உட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு."

"ஏண்ணா சொல்லலை?"

"நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க. பயமா இருந்துச்சுங்கம்மா."

பேருந்து கிளம்பிவிட்டது. அவர் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்தார். அந்தக் குடமும், முக்காலியும், டயர்களும், வேலை போனால் போகட்டும் என்ற துணிச்சலும் எங்கிருந்து வந்தன என்பது ராசிபுரம் தாண்டும்போது எனக்கு உறைத்தது. அத்தனை வருடம் அவர் பிழைக்காமல் போன அந்த முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அதன் பிறகு நான் ஊமையாகிவிடவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் இன்னும் வாய் நீளம்தான் என்பார்கள். ஆனால் எனக்கு முன்னால் யாராவது எதையோ சொல்ல வந்து நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுகிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

அவரிடம் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து எழுதினேன், பிலோமினாவின் உடம்பை விசாரித்தேன், இதை எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அண்ணா, அந்தக் குழந்தை உங்கள் பாரம் இல்லை. என்னுடையது. இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். இனி நான் வைத்துக்கொள்கிறேன்.