அண்டார்டிகாவுக்கு மைசூரிலிருந்து எட்டுப் பேர்

டூர் மேனேஜர் வேலையில் ஊர் பார்க்க முடியாது. ஊர் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் நேரம் சரியாக இருக்கும். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிய பஸ்ஸுக்குப் பொறுப்பாகப் போனவர்கள், ஆபீஸ் பிக்னிக் நடத்தியவர்கள் எல்லாரும் என் இனம். அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். மைசூர் சரஸ்வதிபுரத்தில் எங்கள் ஆபீஸ். காசி, சிங்கப்பூர் என்று அனுப்பிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு ஜனவரியில் அண்டார்டிகா வாய்த்தது. நூறு பேர் மட்டும் போகிற சின்னக் கப்பல். அதில் எங்கள் கோஷ்டி எட்டுப் பேர், கூட்டிப்போனவள் நான்.

மாமியின் சம்மதம்

முதலில் பெயர் கொடுத்தவர் ராகவன் சார். மேல்கோட்டைப் பூர்வீகம், ரிட்டயரான பூகோள வாத்தியார். முப்பது வருஷம் மேப்பின் அடியில் வெள்ளையாகக் கிடக்கும் அந்தக் கண்டத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டியவர், ஒருமுறை காலால் தொட வேண்டும் என்றார். கூடவே மனைவி வைதேகி மாமியின் பாஸ்போர்ட்டையும் மேஜைமேல் வைத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கவலையாகிவிட்டது. விருப்பமில்லாதவரைக் கப்பலில் ஏற்றினால் பதினைந்து நாளும் நமக்குத்தான் அவஸ்தை. சார் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போனதும், உங்களுக்கும் ஆசைதானே மாமி என்று கேட்டேன்.

“இங்கேருந்து ஊட்டி நாலு மணி நேரம். கல்யாணமாகி நாப்பது வருஷத்துல அங்கேயே கூட்டிண்டு போகலே. இவர் ஒரு இடத்துக்குக் கிளம்பறதே பெரிசு, நான் ஏன் தடுக்கணும்?”

அலை

அர்ஜென்டினாவின் தென்கோடியில் கப்பலேறினோம். முதல் ராத்திரிச் சாப்பாட்டில் ராகவன் சார் பனிப்பாறை எப்படி உண்டாகிறது என்று பாடமே நடத்தினார். பக்கத்து மேஜை வெள்ளைக்காரர்கள்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். விடிந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த இரண்டு நாள் படுக்கை ஒருமுறை தலைப்பக்கம் சரியும், ஒருமுறை கால்பக்கம். சார் விழுந்தார். என் கோஷ்டியில் மற்ற ஆறு பேரும் விழுந்தார்கள். வாந்திக்கு மாத்திரை விநியோகிக்க வேண்டிய நானும் விழுந்தேன்.

நின்றது வைதேகி மாமி ஒருவர்தான். சமையற்காரரிடம் ஜாடை காட்டியே சாதமும் தயிரும் வாங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேபின் கேபினாகப் போனார். கடைசியில் என் கேபினுக்கு வந்து விளக்கைப் போட்டார்.

“ஸ்டெல்லா, எங்களைப் பாத்துக்கத்தானே நீ வந்தே? எழுந்து ரெண்டு வாய் சாப்பிடு.”

ஜேப்பு பரிசோதனை

கரை இறங்குமுன் எல்லாருடைய ஜாக்கெட், பை, பூட்ஸ் அத்தனையையும் சோதிப்பார்கள். வெளியூர் விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக்கூடாது. எங்கள் கோஷ்டியில் வந்திருந்த, கொள்ளேகாலில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணன் ஜேப்பிலிருந்து நிலக்கடலை, ஏலக்காய், ஒரு பட்டு நூல் சுருள், திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் வந்தன. கப்பல் சிப்பந்திப் பெண் சிரிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, ஜேப்பின் மூலை வரைக்கும் வேக்வம் கிளீனர் போட்டாள். அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். திருநீற்றை மட்டும் கேபினில் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

“ஏனுங்க மேடம், எங்க கடைக்கு வர்ற சனம் செருப்பக்கூடக் கழட்டறதில்லீங்க. ஆளே இல்லாத ஊருக்கு ஜேப்பு வரைக்கும் சுத்தம் பண்ணிக்கிட்டுப் போறமுங்க.”

ஒருத்தர் மட்டும்

மூன்றாம் நாள் கடல் அடங்கியது. ஜன்னல் நிறைய மலையும் பனியும். அன்று காலை கண்டத்தின் மேலேயே இறங்கலாம், அதன்பிறகு காற்று எழும்பும், இன்னொரு வாய்ப்பு நிச்சயமில்லை என்று அறிவித்தார்கள். ராகவன் சாரோ இரண்டு நாளாக ஒரு வாய் தண்ணீர்கூடத் தங்காமல் துவண்டு கிடந்தார். கப்பல் டாக்டர் டிரிப் ஏற்றிவிட்டு, இன்று ரப்பர் படகில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். சார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் போகவில்லை என்றார் மாமி. நீயாவது போ என்றார் சார், சுவரைப் பார்த்தபடியே.

மாமி மடிசாரை மடித்து வைத்துவிட்டு, என் பேன்ட்டும் கப்பலில் கொடுத்த சிவப்பு ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு என்னோடு இறங்கினார். முழுசாக அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றார். எதிரே நூற்றுக்கணக்கில் பென்குவின்கள் கத்திக்கொண்டு, ஒன்றின் கூட்டிலிருந்து ஒன்று கல் திருடிக்கொண்டிருந்தன. போட்டோ எடுக்கவா என்றேன், வேண்டாமென்று தலையாட்டினார். கப்பலுக்குத் திரும்பியதும் சார் எழுந்து உட்கார்ந்து, பாறை என்ன நிறம், பனியாறு எந்தத் திசை என்று அடுக்கினார். மாமி ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டினார்.

“நீங்க பாடத்துல ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேள். ஒரே நாத்தம்.”

சாரின் முறை

சொன்னபடியே இரண்டு நாள் காற்று. இறங்க வழியில்லை. சார் தேறி, டெக்கில் போய் நின்று கரையையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடம். திரும்புகிற நாள் காலையில் ஒரு மணி நேரம் காற்று ஓய்ந்தது. டாக்டரும் தலையசைத்தார். மாமி முதலில் படகில் இறங்கி, படகுக்காரர் மணிக்கட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கரையில் கால் வைத்ததும் பாடம் ஆரம்பமாகும் என்று காத்திருந்தேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்புறம் மாமி பக்கம் திரும்பினார்.

“வைதேகி, எந்தப் பக்கம் முதல்ல பாக்கணும்?”

டிக்கெட், விசா, கேபின், பூட்ஸ் அளவு எல்லாவற்றுக்கும் நான் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறேன். யார் யாருக்கு வழிகாட்டி என்பதை மட்டும் கடல் என்னைக் கேட்காமலேயே முடிவு செய்துவிடுகிறது.