பித்தளைக் கொடி

எங்கள் ஓசூர் வீட்டுச் சுவர் கருங்கல். வெட்டி உள்ளே வயர் புதைப்பது நடக்காத காரியம், வெளியேதான் ஓட்ட வேண்டும். பிளாஸ்டிக் பட்டி போதும் என்றாள் மனைவி. எனக்கோ நடுவயதில் திடீரென்று அழகுணர்ச்சி பொங்கிவிட்டது. ஜூஜுவாடி பழைய சாமான் கடையில் பளபளக்கும் பித்தளைக் குழாய்களைப் பார்த்து, வயரை அதற்குள்தான் விடுவேன் என்று வாங்கிவந்துவிட்டேன்.

“குழாயில கரண்டா? உங்க மூஞ்சில பயம் தெரிஞ்சா அன்னைக்கே கழட்டிடணும்” என்றாள்.

“பயமா? எனக்கா?” என்று சிரித்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

வேலைக்கு வந்தது எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன், என் சிநேகிதன். தெலுங்குக்காரன். கூடவே அவன் தம்பி. குழாய்க்கெல்லாம் எர்த் கொடுத்து, வயர் அறுபடாமல் முனைகளில் ரப்பர் வளையம் மாட்டினார்கள். பிறகு அவன் ஹாலிலிருந்து வயரைத் தள்ள, தம்பி சமையலறையில் மறுமுனைக்குக் காத்திருந்தான்.

நான் ஊத்தங்கரைக்காரன். என் தெலுங்கு, பஸ் வந்துவிட்டதா என்பதை ‘ஒச்சிந்தா’ என்று கேட்கும் அளவுக்குத்தான்.

“தீக ஒச்சிந்தா?” என்று கத்தினான் சிநேகிதன்.

“ஒச்சிந்தி, ஒச்சிந்தி!” என்றான் தம்பி.

தீ வந்துவிட்டது!

பாய்ந்துபோய் மெயினை அணைத்தேன். தீயென்றால் மணலை அள்ளிப் போடு என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சமையலறையில் மணலுக்கு எங்கே போவது? கையில் கிடைத்தது ராகிமாவு டப்பா. மொத்தத்தையும் தம்பி மேல் கொட்டிவிட்டேன். நிஜமாகவே தீ இருந்திருந்தால் மாவு குப்பென்று பற்றியிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

தம்பி புருவத்தோடு சேர்த்துக் களிக்குத் தயாராக நின்றான்.

“ஐயோ, ராத்திரிக் களிக்கு வச்ச மாவுங்க!” என்றாள் மனைவி.

“தீகன்னா வயர்ண்ணா” என்றான் சிநேகிதன், சுவரைப் பிடித்துச் சிரித்தபடி. “இன்னும் அதுல கரண்டே குடுக்கல. அதுக்குள்ள நீ மாவு குடுத்துட்ட!”

மனைவி என் மூஞ்சியை உற்றுப் பார்த்தாள். பயம் அதில் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. போச்சு, பித்தளை திரும்பவும் ஜூஜுவாடிக்குத்தான் என்று நினைத்தேன்.

“தீகன்னா வயர் மட்டுந்தானா?” என்று அவனைக் கேட்டாள்.

“செடிகொடின்னு சொல்றோமே, அந்தக் கொடியும் தீகதான் அண்ணி.”

அவன் லைன் கொடுத்து, குழாய் நெடுக டெஸ்டர் வைத்துக் காட்டினான். டெஸ்டர் மினுக்கென்றுகூட எரியவில்லை. அவள் போய்க் குழாயை முழுக் கையால் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் துண்டு அதன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

“கொடின்னுட்டாங்கல்ல, காயட்டும். இது இருக்கட்டுங்க. இவ்வளவு சிரிச்சு எத்தனை நாளாச்சு!”

குழாய் இப்போதும் சுவரில் ஜொலிக்கிறது. நான் மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் சுவிட்சைத் தொடுகிறேன். கேட்டால், கால் சில்லிடுகிறது என்பேன். ஓசூர்க் குளிர் இந்த ஒரு விஷயத்தில் என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை.