அக்காவின் இரண்டாவது கட்டுரை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது சரியாகத் தெரியாது. மூளை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் அவரிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்டவர்கள் உண்டு. "நான் எலிக்குத்தான் டாக்டர்" என்று அக்கா சிரிப்பார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவருடைய வேலையை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஆவடியில், அப்பா பணிபுரிந்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் அக்கா பிறந்தார். அவர் கல்லூரியில் படிக்கும்போது அப்பாவின் வலது கையில் பிடிமானம் போயிற்று. முதலில் ஸ்பேனர் நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன, இதற்கு மருந்து இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பேச்சும் போய், எல்லாம் புரிந்தபடி கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு கிடந்த அப்பாவுக்கு அம்மாவும் அக்காவும்தான் ஊட்டினார்கள், துடைத்தார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள்.

அப்பா போன பிறகு அக்கா அந்த நரம்பணுக்களையே படிக்கப் போனார். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பி, சென்னையில் ஓர் ஆய்வகத்தை நடத்தினார். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டார். நரம்பணுக்களைச் சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் ஒரு புரதத்தை ஊசியாகப் போட்டால், நோயுற்ற எலிகள் கூடுதல் காலம் நடக்கின்றன என்று அவர் எழுதிய கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. பல நாடுகளில் அதைப் பின்பற்றி ஆய்வுகள் தொடங்கின. ஒரு வெளிநாட்டு நிறுவனம் மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தது.

ஒருவருக்கும் பலனில்லை.

மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னபோது, அக்கா தன் சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்தார். இம்முறை, எந்த எலிக்கு ஊசி போட்டது என்பது எலிகளைக் கவனிப்பவர்களுக்குத் தெரியாதபடி ஏற்பாடு செய்தார். வித்தியாசம் மறைந்துவிட்டது. முதல்முறை எந்த எலிக்கு ஊசி என்பது தெரிந்திருந்ததால், கண்கள் தாமாகவே ஆசைப்பட்டபடி பார்த்திருக்கின்றன. இதை ஏன் நாமே வெளியிட வேண்டும், யாரும் கேட்கவில்லையே என்று அவருடைய மாணவி கவிதா அழுதாராம்.

"நம்மளை நம்பி மனுஷங்க ஊசி போட்டுக்கிட்டாங்கம்மா" என்றாராம் அக்கா.

இரண்டாவது கட்டுரை வெளிவந்தது. அதற்குப் பிறகு ஆய்வகத்துக்கு ஆதரவு குறைந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போனார்கள்.

அந்த நாட்களில்தான் நசரத்பேட்டையிலிருந்து சேகர் என்ற ஆட்டோ ஓட்டுநர் அக்காவின் அயனம்பாக்கம் ஃபிளாட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்கு, எங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோய். பழைய செய்தி ஒன்றை யாரோ அவருக்கு ஃபோனில் அனுப்பியிருந்தார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"மருந்து நீங்கதான் கண்டுபுட்சீங்களாமே மேடம். என் சம்சாரத்துக்கு மட்டும் எப்படியாவது குடுங்க."

"அது வேலை செய்யலைங்க. நான் கண்டுபிடிச்சது தப்பு. வேற மருந்தும் இல்ல."

சேகர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "இத்த ஏன் மேடம் சொன்னீங்க? இருக்கிற வரைக்கும் நம்பிக்கினாவது இருந்திருப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் எப்படி உட்காரவைத்து ஊட்டுவது, புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அந்த அம்மா இறந்துபோனார். வீடு திரும்பிய அக்கா, அப்பாவுக்குச் செய்ததற்கு மேல் தன்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை என்றார்.

அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. ஒருநாள், நீ செய்தது எதுவும் வீண் போகவில்லை என்று அவருக்குத் தைரியம் சொல்லப் பார்த்தேன்.

"வீண்தான்டா. சும்மா சொல்லாத" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவின் உடலருகே உட்கார்ந்திருந்த கவிதா, இன்று பல ஆய்வகங்களில் சோதனை செய்யும் முறையையே அந்த இரண்டாவது கட்டுரை மாற்றியிருக்கிறது, பாடமாகவும் நடத்துகிறார்கள் என்றார். அதனால் மருந்து ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன். அவர் தலையசைத்தார், இல்லையென்று.

அக்காவைச் சிகிச்சைக்கு அழைத்துப்போய் வந்த சேகருக்கும், வெளியூரிலிருந்து வந்து கூடவே தங்கிய கவிதாவுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து ஃபிளாட் குடும்பத்தாருக்கும், முத்தாபுதுப்பேட்டையில் என் வீடு தேடி வந்து துக்கத்தில் பங்குகொண்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை வேறு விதமாக முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அப்பாவைக் கொண்டுபோன நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. அக்காவும் இல்லை.