பார்ட்டிக்கு மட்டும் குடிக்கிறவர்

ரொறன்ரோ ஆஸ்பத்திரிகளில், கூடுதலாகப் புற்றுநோய்ப் பிரிவுகளில், தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். டொக்டர் சொல்வதை நோயாளிக்குத் தமிழிலும், நோயாளி சொல்வதை டொக்டருக்கு ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த வேலையில் எனக்கு விசர் பிடிக்க வைத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: குடிக்கிறீர்களா?

எங்கள் ஆட்களிடம் அதற்கு நேரான பதில் வராது. "பியர் மட்டும்தான்." பியர் குடிவகையில் சேராதாம். "நல்ல சாமான்தான் எடுக்கிறனான்." விலை கூடினால் புற்றுநோய் கிட்ட வராதாம். இதயத்துக்கு நல்லதென்று வைன் குடிக்கிற அன்ரி ஒருவருக்கு, அதனால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும் என்று டொக்டர் சொன்னதை மொழிபெயர்த்தேன். அவர் முறைத்தது என்னைத்தான்.

பிக்கரிங்கிலிருந்து வந்த ஒருவரை இங்கே ராசன் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுநோயை, சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்திருந்தார்கள். செக்கப்புக்கு மனைவியுடன் வந்திருந்தார். டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மனைவி முந்திக்கொண்டார்.

"இவர் குடிக்கிறேல்லை. பார்ட்டிக்கு மட்டும்தான்."

அப்படியே சொன்னேன். எப்போதாவது குடிப்பவர் என்று டொக்டர் கம்ப்யூட்டரில் பதியத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே எங்கள் ஆட்களுக்குப் பார்ட்டி இல்லாத சனி ஞாயிறு ஏது? பிறந்தநாள், பெண் பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, புது வீடு வாங்கினால் குடிபூரல் என்று ஏதாவது இருக்கும். பெண்கள் உள்ளே சாப்பாட்டுடன், ஆண்கள் கராஜுக்குள் போத்தலுடன். வழக்கம் தெரியாததால் அர்த்தம் பிசகும்போது, இரண்டு பக்கத்துக்கும் அறிவித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கலாம் என்று விதி உண்டு. பார்ட்டி எத்தனை முறை வரும் என்று கேட்கும்படி டொக்டரிடம் சொன்னேன். சொன்னதை அவர்களுக்கும் தமிழில் சொன்னேன்.

"போன சனி மச்சாளின்ர மகளின்ர சாமத்திய வீடு. ஞாயிறு ஒரு பேர்த்டே. அதுக்கு முதல் கிழமை அஜக்ஸில குடிபூரல்..." என்று சொல்லிக்கொண்டே போன மனைவி, சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் ஆரின்ர பக்கம்?"

டொக்டர் பதிவதை நிறுத்திவிட்டார். பியரோ விஸ்கியோ வைனோ, உடம்புக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான் என்றார். குடியால் புற்றுநோய் வரக்கூடிய இடங்களை வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல் என்று அடுக்கினார். குடிக்கிற எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் கூடக் குடித்தால் ஆபத்துக் கூடும், குறைத்தால் குறையும். உங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டது, முற்றாக நிறுத்துங்கள் என்றார்.

"நான் சிகரெட் பத்திறேல்லை, வெத்திலையும் போடுறேல்லை," என்றார் ராசன் அண்ணை. பிறகு சொன்னார்: "நிப்பாட்டலாம் தங்கச்சி. எனக்கு உது பெரிய விசயமில்லை. ஆனா வேண்டாம் எண்டா, ஏன் எண்டு கேப்பாங்கள்."

புற்றுநோய் வந்தது என்று சொல்லுங்கள் என்றார் டொக்டர்.

மனைவி பதறிப்போனார். "அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பல்லுப் பிடுங்கினது எண்டுதான் சொன்னனாங்கள். மகளுக்குக் கலியாணம் பேசுறம். பரம்பரை வருத்தம் எண்டு கதைப்பினம்."

டொக்டருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன். வந்த நோயை மறைப்பதற்காக, அதைத் திரும்பக் கூப்பிடும் சாமானை அந்த மனிதர் கிழமைக்குக் கிழமை குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது பாதிக் கதை. வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியுமா என்பது மீதி. டொக்டர் அதைக் கேட்காவிட்டால் கேட்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு எழும்பிப் போகும்போது ராசன் அண்ணை மனைவியிடம் மெல்லக் கேட்டார். "திரும்ப வந்தா என்னத்தைச் சொல்லுவீர்? இன்னுமொரு பல்லு எண்டோ?"

என்ன கேட்டார் என்று டொக்டர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன்.