சத்தம் போடாத விமான நிலையம்

மாநகரத்துக்குத் தெற்கே இருக்கும் விமான நிலையத்தில் புது டெர்மினல் கட்டியபோது எங்கள் பக்கம் பெருமை பேசாத வாய் இல்லை. என் மச்சான் திருநின்றவூரில் மனை விற்கிறவன். விற்ற மனைக்கெல்லாம் 'ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்' என்று போர்டு வைத்தான். போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். கேட்டால், "டெவலப்மென்ட் வருது மாமா" என்பான்.

நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வெல்டர். அந்த வேலையை விட்டுவிட்டு, வளைகுடாவில் கிடைத்த வேலையை நம்பிக் கிளம்பினேன். குறித்த நாளில் வந்து சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று அந்த வளைகுடாக் கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது.

வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வாசலில் பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பிக்க, வண்டியை எடு என்று காவலர் விசில் ஊத, ஆமென் வருவதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. ரன்வே முடிகிற இடத்தில் ரோட்டோரம் நின்று, விமானம் தலைக்கு மேல் போகும்போது கையாட்டிவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

உள்ளே கோயில் தூண் மாதிரி ஒன்று. தட்டிப் பார்த்தேன், காலி டப்பா சத்தம். சுவரில் செடி வளர்த்திருந்தார்கள். நெல் விளைந்த எங்கள் தரையில் கம்பெனி, இங்கே சுவரில் தோட்டம், நல்ல நியாயம். முதுகு பிடித்துவிட ஒரு நாற்காலி இருந்தது. டீயின் விலையைப் பார்த்ததும் தாகமே போய்விட்டது. இத்தனை வசதி செய்தவர்களுக்கு ஒரு ஒலிபெருக்கி மட்டும் கிடைக்கவில்லை போலும்.

அப்போது அது எனக்குத் தெரியாது. செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறுகிறவன் நான். எந்த வண்டி, எந்த பிளாட்பாரம் என்று ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சொல்லும், எழுந்து போவேன். கம்பெனியில் டீ குடிக்கக்கூடச் சங்கு ஊதுவார்கள். அதனால் கேட் அருகில் இடமில்லை என்று அந்தச் செடிச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். தலைக்கு மேலே டிவியில் ஏதோ எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் என்று நினைத்தேன்.

சந்தேகம் வந்து எழுந்து போனபோது கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள்.

"கூப்டவே இல்லியே மேடம்" என்றேன்.

"இது சைலன்ட் ஏர்போர்ட் சார். ஸ்கிரீன்லதான் பார்க்கணும். கேட் பக்கத்துல மட்டும் சொல்லுவோம்" என்றாள் கேட்டில் நின்ற பெண். அமைதிக்காக விருதுகூட வாங்கியிருக்கிறார்களாம். அவர்கள் அமைதியில் இடி விழ. தலைக்கு மேலே அந்த டிவி இருக்க, காதை நம்பி உட்கார்ந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்டுக்கு போன் போட்டேன். அடுத்த ஆளிடம் பேசிவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் கெஞ்சி முடிக்கக்கூட இல்லை. அழுகை வந்தது, அழுதேன். அந்த நிசப்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு மனைவிக்குப் போட்டேன். அவள் இதற்கு முன் விமான நிலையப் பக்கமே வந்ததில்லை. ரோட்டோர இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் சந்தோஷமாக வந்தது.

"இப்பதான் உன் பிளேன் போச்சு. எல்லாரும் கையாட்டிக்கினே நின்னோம், பாப்பாகூட ஆட்டிச்சி. இன்னா, அதுக்குள்ள எறங்கிட்டியா?"