ஏழு மணிக்குப் பிறகு ஒரு பீர்

விமானிகள் ஒன்று கூடினால் மேகம், புயல், இன்ஜின் என்று பேசிக்கொள்வார்கள் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. நானும் வேலையில் சேரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் போகும் வேனில் முதலில் எழும் கேள்வி, இந்த ஊரில் பீர் எங்கே கிடைக்கும் என்பதுதான். இரண்டாவது, எத்தனை மணிவரை கிடைக்கும். அதன்பிறகு எந்த நாட்டில் என்ன சட்டம் என்ற பேச்சு தொடங்கும். அது ஓட்டல் வாசல்வரை முடியாது.

இந்தப் பேச்சில் எங்கள் கேப்டனை மிஞ்ச ஆள் கிடையாது. சென்னைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், விமானப்படையிலிருந்து தனியார் நிறுவனத்துக்கு வந்தவர். எந்த மாநிலத்தில் எந்த நாள் மதுக்கடை மூடியிருக்கும், எந்த வளைகுடா நாட்டில் பர்மிட் வேண்டும், எங்கே பர்மிட்டே கிடையாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பறக்காத நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுருட்டுப் பிடிப்பார். வெளிநாட்டுச் சுருட்டு, ஒவ்வொன்றும் தனித்தனி அலுமினியக் குழாயில் இருக்கும். "பிளேன்ல சிகரெட்டைத் தடை பண்ணி எத்தனை வருஷமாச்சு. ஆனா டாய்லெட் கதவுல ஆஷ்ட்ரே இல்லாம பிளேன் பறக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு தெரியுமா? சட்டத்தை மீறுறவனுக்கும் சேர்த்துத்தான் சட்டம் போடணும்" என்பார்.

நான் நன்னிலம் பக்கத்துக் கிராமத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் நட்டு அறுத்தவர்கள். அண்ணன் குவைத்துக்குப் போய் எட்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் விமானம் ஓட்டப் படித்தேன். புதிது புதிதாக விமான நிறுவனங்கள் வந்துகொண்டிருந்த காலம். படித்து முடித்த கையோடு வேலை கிடைத்தது. அண்ணன் ஊருக்குத் திரும்பிக் கொஞ்சம் நிலம் வாங்கினார், வாடகைக்கு விட ஒரு காரும் வாங்கினார்.

ஒரு ஜனவரி மாதக் கடைசியில் எங்கள் மூவருக்கும் சேர்ந்தாற்போல விடுப்பு அமைந்தது. கேப்டன், நான், என்னோடு பயிற்சி முடித்த பாலக்காட்டு நண்பன். கோடியக்கரைக்குப் பூநாரைகள் வந்திருக்கும், பார்க்கவேண்டும் என்று கேப்டன் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தங்குவது என்று முடிவானது. விடுப்பு முடிந்த மறுநாள் காலையில் திருச்சியிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு அவர் கேப்டன், நான் துணை விமானி. ஏழு மணிக்கு ஆஜராக வேண்டும். நண்பனுக்கு மேலும் நான்கு நாள் விடுப்பு இருந்தது.

அவர்கள் வந்து இறங்கிய நாள் குடியரசு தினம். மதுக்கடை எல்லாம் மூடியிருந்தது. கேப்டன் அதை மறந்திருந்தார். எல்லா மாநிலத்துச் சட்டமும் தெரிந்தவர் சொந்த மாநிலத்தில் ஏமாந்துவிட்டார் என்று நண்பன் சிரித்தான். அன்று மதியம் அண்ணி குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த கேப்டன், குழாயைத் திறந்து சுருட்டை எடுத்தார். அண்ணன் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"உறையூர்ச் சுருட்டு மாதிரிதான் சார் இருக்கு. இதுக்கு இம்புட்டுப் பெரிய டப்பாவா?"

கேப்டனுக்கு அண்ணனைப் பிடித்துப்போனது அப்போதுதான் என்று நினைக்கிறேன். சாயங்காலம்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காரைக்கால் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை, அது புதுச்சேரி மாநிலம், அங்கே வரி வேறு, நேரம் வேறு, விலை வேறு என்று அண்ணன் விளக்கினார்.

"அங்க போய்க் குடிக்கலாம் சார். பாட்டிலைக் கொண்டுக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா செக்போஸ்ட்ல புடிச்சுக்குவாங்க."

"வயித்துக்குள்ள கொண்டு வந்தா?"

"அதுக்கு இன்னும் செக்போஸ்ட் போடலைங்க."

"எங்க வேலையில போட்டிருக்காங்க" என்றார் கேப்டன். விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் டாக்டரிடம் குழாயில் ஊதிக் காட்டவேண்டும் என்பதையும், வேலைக்கு ஆஜராகும் நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே குடிப்பதை நிறுத்திவிடவேண்டும் என்பதையும் விவரமாகச் சொன்னார். அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஏழு மணி டியூட்டி என்றால் முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணியோடு சரி என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். அண்ணன்தான் ஓட்டினார். போகும் வழியில் கேப்டன் அன்றைய திட்டத்தைச் சொன்னார். இரண்டு மணிக்குள் பறவைகளைப் பார்த்து முடிப்பது. திரும்பும்போது சுற்று வழியாகக் காரைக்கால். ஐந்து மணிக்குள் அங்கே ஒரு பீர். இரவு தஞ்சாவூர் லாட்ஜில் தூங்கிவிட்டுக் காலையில் திருச்சி.

சரணாலய வாசலில் வனக்காவலர் காரை நிறுத்தினார்.

"தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட் ஏதாச்சும் இருக்குங்களா?"

"சுருட்டு இருக்கு" என்றார் கேப்டன்.

"அதையும் குடுங்க. போகும்போது வாங்கிக்கங்க."

கேப்டன் மறுபேச்சில்லாமல் இரண்டு குழாய்களையும் லைட்டரையும் கொடுத்தார். காவலர் அவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கார் நம்பரை எழுதிக்கொண்டார். "பறவைங்க பறக்கிற இடத்துல பைலட்டைச் சோதிக்கிறாங்க" என்றான் நண்பன். உள்ளே தண்ணீர்ப் பரப்பில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. ஒரு கூட்டம் எழும்பும்போது காற்றுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர்மேல் ஓடி ஓடி எழும்பியது. கேப்டன் பைனாகுலரை இறக்காமல் வெகுநேரம் நின்றார். மத்தியானம் சாப்பிடக்கூட அவசரப்படவில்லை. மூன்று மணிக்குத்தான் கிளம்பினோம்.

நாகப்பட்டினத்துக்கு முன்னால் சாலை மறியல். சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லை எடுக்க மறுத்திருக்கிறார்கள். விவசாயிகள் மூட்டைகளைக் கொண்டுவந்து சாலைக்குக் குறுக்கே அடுக்கி, அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். தாசில்தார் வந்தால்தான் எழுந்திருப்பார்களாம்.

"ஞாயந்தானே சார். பனி பேஞ்சு கிடக்கு, ஈரம் இல்லாம எப்படி இருக்கும்" என்றார்.

கேப்டன் அதை மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். தாசில்தார் வந்து, பேசி, மூட்டைகள் நகர இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனது. காரைக்காலில் ஒரு பாரோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணி பத்து நிமிடம்.

அண்ணன் எலுமிச்சை சோடா கேட்டார், நானும் அதையே கேட்டேன். நண்பன் பீர் கேட்டான். கேப்டன் பரிமாறுபவரைப் பார்த்து, "ரெண்டு" என்று விரலைக் காட்டினார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நண்பனும் பார்த்தான், ஆனால் நாளைக்கு அவன் பறக்கவில்லை. கேப்டன் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"பத்து நிமிஷம். ஒரே ஒரு பாட்டில். காலையில ஊதினா சைபர்தான் காட்டும். உனக்கே தெரியும்."

தெரியும். அவர் சொன்னது உண்மைதான். ஒரு பாட்டில் பீர் காலைக்குள் சுவடில்லாமல் போய்விடும். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அது அல்ல. அவர் கேப்டன். நான் எப்படிப் பறக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவர். என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர். பீர் வந்தது. ஊற்றினார். பாதிக் கிளாஸ் குடித்திருப்பார்.

"சார்" என்றார் அண்ணன். "ஏழு மணிக்கு மேல ஆயிடுச்சே."

"ஆமா தம்பி, கொஞ்சம் தாண்டிடுச்சு."

"அப்ப நாளைக்கு நீங்க ஓட்டக் கூடாதுல்ல?"

கேப்டன் சிரித்தார். குழாயில் சைபர் காட்டும் விஷயத்தை அவருக்கும் சொன்னார். அண்ணன் தலையாட்டிக் கேட்டார். பிறகு இடது கையை மேசைமேல் வைத்தார். அந்த மணிக்கட்டு மடங்காது. குவைத்தில் ரூம் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"குவைத்துல சாராயம் கிடையாதுங்க சார். விக்கிறதும் தப்பு, குடிக்கிறதும் தப்பு. அதனால சக்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ரூம்லயே ஊற வச்சுக் காய்ச்சுவாங்க. எங்க ரூம்ல ஒரு அண்ணன் இருந்தாரு, பட்டுக்கோட்டைப் பக்கம். எனக்கு லாரி கத்துக் குடுத்ததே அவருதான். எங்களுக்கும் ஒரு ரூல் இருந்துச்சு. காலையில டூட்டி இருந்தா ராத்திரி தொடக்கூடாது. கம்பெனி போட்ட ரூல் இல்ல, எங்களுக்குள்ள போட்டுக்கிட்டது. ஒரு நாள் அவரு குடிச்சாரு. கொஞ்சந்தான். காலையில நல்லாத்தான் இருந்தாரு, வாடைகூட இல்ல. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியும். பெரியவரு, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். ரவுண்டானாவுல லாரி சாஞ்சிடுச்சு. அவரு அங்கேயே போயிட்டாரு."

நான் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"அந்தக் கொஞ்சத்தாலதான் சாஞ்சுதான்னு எனக்குத் தெரியாது சார். தூக்கமா இருக்கலாம், டயரா இருக்கலாம். ஆனா ஊருக்குப் பொட்டியில அனுப்பினப்ப அவரு சம்சாரம் போன்ல என்கிட்டக் கேட்டாங்க, ராத்திரி குடிச்சாரான்னு. நான் இல்லைன்னு சொன்னேன்." சோடாவைக் குடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். "நாளைக்கு உங்க பக்கத்துல இவன் உக்காருவான். இவன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டான். நான்தான் சொல்லணும்."

கேப்டனின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கிளாஸை மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் போனில் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "ஃபிட் இல்லைன்னு சொல்லிட்டேன். வேற ஆளை அனுப்புறாங்க" என்றார். பிறகு, இனிமேல் தடையில்லை என்பதால், மீதி பீரைக் குடித்து முடித்தார். அண்ணன் அவருக்கு ஒரு மீன் வறுவல் சொன்னார்.

இரவு தஞ்சாவூர் லாட்ஜில் தங்கினோம். மறுநாள் சென்னையிலிருந்து வந்த வேறொரு கேப்டனோடு நான் பறந்தேன். எங்கள் கேப்டன் அதே விமானத்தில் பயணியாக, பதினான்காவது வரிசையில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது காக்பிட் பக்கம் திரும்பாமல் போனார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் எங்களுக்குச் சேர்ந்து டியூட்டி விழவில்லை. விழுந்தபோது காரைக்காலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அவர் எனக்கு எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் ஒரு குறையும் இல்லை. வேன் பேச்சு பழையபடி நடந்தது. எந்த நாட்டில் சுருட்டுக்கு வரி ஏறியிருக்கிறது, எந்த விமான நிலையத்தில் புகைபிடிக்கும் அறையை மூடிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு வருவார். நான் கேட்டுக்கொண்டு வருவேன்.

நடந்தது அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வருஷம் கழித்து, வேறொரு ஊரில், ஒரு காலையில் அவர் ஊதியபோது குழாய் சைபர் காட்டவில்லை. மறுபடி ஊதச் சொன்னார்கள், மறுபடியும் காட்டவில்லை. மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். அவரே எனக்குப் போன் செய்து சொன்னார். மற்றவர்கள் மூலமாக எனக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்திருக்கவேண்டும்.

"முந்தின ராத்திரி கூட இருந்தவங்க நாலு பேர். ஒருத்தரும் மணி பார்க்கல. நானும் பார்க்கல" என்றார். பிறகு அண்ணனின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் ஒரு முறை அவர் ரயிலில் தனியாகத் தஞ்சாவூர் வந்திருக்கிறார். அண்ணன் காரில் போய் அழைத்துவந்து, இரண்டு நாள் வீட்டில் தங்கவைத்திருக்கிறார். எனக்கு அன்று டியூட்டி. ஊரில் இல்லை. அண்ணி போனில் சொல்லித்தான் தெரியும். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அண்ணனிடம் கேட்டேன்.

"என்னண்ணே பேசிக்கிட்டிருந்தீங்க ரெண்டு நாளா?"

"என்னத்தப் பேசுறது. நடவு நடந்துச்சு. காலையில என்கூட வயலுக்கு வந்து வரப்புல நின்னாரு. பட்டுக்கோட்டை அண்ணனோட வீடு எங்கன்னு கேட்டாரு. கூட்டிட்டுப் போனேன்."

"அங்க எதுக்கு?"

"நானும் அன்னைக்குத்தான் முத முறை போறேன் தம்பி. ஒத்தையாப் போகத் தெம்பு இல்லாமத்தான் இத்தனை வருஷம் போகாம இருந்தேன். அந்தம்மாகிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தேன்ல, அதைச் சொல்லிட்டு வந்தேன். அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். டீ போட்டுக் குடுத்தாங்க."

கேப்டன் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"வெளியில தென்னந்தோப்புல நின்னுக்கிட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டு, அண்ணன் மோட்டார் போடக் கிளம்பிவிட்டார்.