காணாமல் போன ஊசிமுனை

என் நோய் ஓர் ஊசி உடைந்த சத்தத்தோடு தொடங்கியது. உங்களுடையது தாகமாகவோ மயக்கமாகவோ தொடங்கியிருக்கலாம். எனக்கும் தாகம் இருந்தது. வெயில் காலம், மிஷின் சூடு என்று அதற்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

நான் அருள்தாஸ். வயது நாற்பத்தாறு. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து இருபது வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவன். ஏற்றுமதிப் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் மூட்டும் டெய்லர். செருப்பைக் கழற்றிப் போட்டு வெறுங்காலால் பெடலை மிதித்தால்தான் எனக்குத் தையல் ஓடும்.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைவது சின்ன விஷயம் இல்லை. உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் எங்கள் மிஷின் வரிசை, அதாவது லைன், நின்றுவிடும். எங்கேயோ ஒரு குழந்தை போடப்போகிற பனியனில் அது இருந்துவிடக் கூடாது அல்லவா.

அன்று முனை மட்டும் கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் துழாவினோம். சூப்பர்வைசர் என்னை முறைத்தார். எனக்கோ கோபம் பொசுக்கென்று வரும். பிசிறு வெட்டித் தரை கூட்டும் தெய்வானை அக்காவைக் கைகாட்டினேன்.

"இவங்க கூட்டுனதுலதான் போயிருக்கும். எங்கிட்ட வந்து கேக்கீங்க?"

தெய்வானை அக்கா குன்னத்தூர்க்காரர், என்னைவிட மூத்தவர். "நான் இன்னும் இந்தப் பக்கமே கூட்டலீங்க தம்பி" என்றார். யார் கேட்டார்கள்? மதியம் முழுக்க அவர் வேஸ்ட் மூட்டைகளைக் கொட்டிக் கைவிட்டுத் தேடினார். நான் டீயும் பன்னும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். என் மனைவி பாக்கியம் தரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து கட்டில் வரை ரத்தப் பொட்டுகள். முதலில் தன் காலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் காலைத் தூக்கி, இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தாள். ஊசிமுனை.

"இம்புட்டு ஆழத்துக்குப் போயிருக்கு. ஒங்களுக்கு வலிக்கலையா?"

வலிக்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் எனக்கு முதல் பயம் வந்தது. பயந்தவன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போனால் விஷயம் கம்பெனிக்குத் தெரியும். தெய்வானை அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? முனையைத் தீப்பெட்டிக்குள் போட்டு அலமாரியில் ஒளித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று பாக்கியத்தை மிரட்டினேன். காலில் மஞ்சளை அப்பி, சாக்ஸ் மாட்டிக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போனேன். புத்திகெட்ட நான்கு நாட்கள்.

ஐந்தாம் நாள் சாக்ஸைக் கழற்றியதும் வீடு நாறியது. பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்திருந்தது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி மீட்டரில் ரத்தம் வைத்தார்கள். எண்ணே வரவில்லை. 'ஹை' என்றுதான் காட்டியது. அந்த மீட்டரால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை.

"எத்தனை வருஷமா சுகர்?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

"எனக்குச் சுகர் இல்லீங்க டாக்டர்."

"டெஸ்ட் பண்ணினதில்லைன்னு சொல்லுங்க" என்றார்.

பிறகு புண் இல்லாத மற்றக் காலைச் சோதித்தார். மெல்லிய நைலான் இழை ஒன்றைக் காட்டி, "கண்ணை மூடிக்கங்க. இதால தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியே ஸ்ட்ரெச்சர் உருண்டு போனது. யாரோ இருமினார்கள்.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

"பத்து இடத்துல தொட்டு முடிச்சுட்டேன்" என்றார்.

அதற்கு நியூரோபதி (சர்க்கரை மிகுந்து நரம்புகள் உணர்விழந்து போவது) என்று பெயர். விரலோடு நிற்குமா, காலையே எடுக்க வேண்டியிருக்குமா என்று இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வது? போர்வையை விலக்கி விலக்கிக் காலைப் பார்த்தேன். யாரோ என் கட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது. கிள்ளினேன். ஒன்றுமில்லை. பாக்கியம் ஜெபம் செய்துகொண்டே இருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் விரலை எடுத்தார்கள். டிபிரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) இரண்டு முறை நடந்தது. கால் தப்பியது. எடுத்த இடம்கூட அதிகம் வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று அழுதேன்.

தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றியவர் நர்ஸ் கவிதா. அவரும் நண்பர்களும் சுகரைப் பற்றிக் குட்டிக் கதைகளைப் பதிவு செய்து கம்பெனிகளுக்குக் கொடுப்பார்களாம். தைக்கிறவனுக்குக் கண் ஊசிமேல் இருக்கும், நோட்டீஸ் படிக்க முடியாது. காது சும்மாதானே இருக்கிறது? பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் ஸ்பீக்கரில் கதை ஓடும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் லைனிலும் அது ஓடியிருக்கிறது. செய்தி வாசிக்கிற குரலில் ஒருவர் 'நீரிழிவு' என்று ஆரம்பித்ததும், "பாட்டப் போடுங்கய்யா" என்று கத்தியவனே நான்தான். லைனே சிரித்தது.

அதைக் கவிதாவிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். "அப்ப நீங்களே உங்க ஊர்ப் பேச்சுல சொல்லிப்போடுங்க. தெக்க இருந்து வந்தவங்களுக்குத் தன் ஊட்டு ஆள் பேசற மாதிரி இருக்கும்" என்றார்.

நடக்க ஆரம்பித்த பிறகு, எங்கள் கம்பெனியின் துணி குடோனில் பதிவு செய்தோம். சுற்றிலும் துணி ரோல்கள், வெளிச்சத்தம் உள்ளே வராது. ஊசி, சாக்ஸ், நாற்றம், எல்லாவற்றையும் சொன்னேன். தீப்பெட்டியையும் சொன்னேன். "தெய்வானக்கா மேல பழியப் போட்டேன். முனை என் காலுக்குள்ள இருந்துச்சு" என்பதையும் விடவில்லை.

"கடைசியா, பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் கவிதா.

"எனக்கே பயமாத்தான இருக்கு. எப்படிச் சொல்ல?"

"அதையே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மற்றக் காலும் போய்விடுமோ என்று பயம். பாக்கியத்துக்குச் சோதித்ததில் சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அதுவும் பயம். காலையில் எழுந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். புதுப் புண் இல்லையென்றால் அன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது. அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று முன்போல் கணக்குப் போடுவதில்லை. இப்போது கனத்த செருப்பு போட்டுத்தான் தைக்கிறேன். கால் பெடல்மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

கதை எங்கள் லைனில் ஒலித்த அன்று நான் தலை நிமிரவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பாட்டைப் போடச் சொல்லவும் இல்லை. மிஷின்கள் ஓடின.

டீ மணி அடித்தது. தெய்வானை அக்கா வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இதைக் கொண்டுபோய் ரிஜிஸ்டர்ல ஒட்டிப்போடுங்க" என்றார். மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஏனுங்க தம்பி, அந்த டாக்டரம்மா இழையில தொட்டுப் பார்த்தாங்கன்னீங்களே. எனக்கும் ஒருக்கா பாருங்க. உங்க முன்னால காலை நீட்டறனேன்னு நெனச்சுக்காதீங்க."

டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்றேன். நாளைக்குப் போகிறேன், இப்போது சும்மா பாருங்கள் என்றார். செருப்பைக் கழற்றிக் காலைத் துணிக்கட்டின்மேல் வைத்தார். வெடித்த பாதம். கண்ணை மூடிக்கொண்டார்.

நைலான் நூலில் ஒரு முழம் வெட்டி, முனையால் பெருவிரலைத் தொட்டேன். பிறகு அடுத்த விரல், பிறகு உள்ளங்கால் பள்ளத்தில், இன்னும் கொஞ்சம் அழுத்தி. அவர் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

"எப்பத்தானுங்க தொடுவீங்க?" என்று கேட்டார்.

பெருவிரலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.